ஸ்டார்லைட் வழக்கு: அம்மாவைக் கேட்ட கேள்வி

சாட்சி சொல்லி முடிக்காத ஒருவரிடம் வழக்கைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று நீதிபதி நேற்று மாலை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தச் சாட்சி வக்கீல் ஒலிண்டாவின் வீட்டிலேயே இருக்கிறாள், அவளுக்குக் காலைக் காப்பி கலந்து கொடுப்பதே அந்தச் சாட்சிதான் என்பதெல்லாம் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அதனால் அன்று காலை மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பில், கடலைப் பார்த்த அந்தப் பலகை வீட்டில், அம்மாவும் மகளும் வாயைக் கட்டிக்கொண்டு ரொட்டி தின்றார்கள்.

"சம்பல்ல உப்பு தூக்கலா இருக்கா?" என்றாள் செலஸ்தினா.

"இது வழக்கைச் சேர்ந்த கேள்வியா, மாய்?"

"உப்பு எந்த வழக்கைச் சேர்ந்தது? உன் தியுவுக்குத்தான் உப்பு கொஞ்சம்..." செலஸ்தினா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "வேணாம். அது வழக்குல வந்துடும்."

ஒலிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டியைக் கடித்து அதை விழுங்கினாள்.

மாய் என்றால் அம்மா, தியு என்றால் மாமா. அலோய் மொந்தெய்ரோ, செலஸ்தினாவின் ஒரே தம்பி. கடற்கரைச் சாலையில் இருந்த ஸ்டார்லைட் நடனக் கூடத்தில் யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து சாக்ஸபோன் வாசித்தவர். போன ஜூன் மாதம் முதலாளி கூடத்தை மூடினார். அதை இடித்து அந்த இடத்தில் பெட்ரோல் நிலையம் கட்டப் போவதாகச் சொன்னார். "அதுக்கு இது எரிஞ்சே போகலாம்!" என்று அலோய் காப்பிக் கடையில் வைத்துக் கத்தினார். ஊரே கேட்டது. அடுத்த வாரம், சான் ஜுவான் திருநாள் அன்று மாலை, கூடம் எரிந்தே போனது.

தீ வைத்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் இருபது வருஷம் வரை உள்ளே தள்ளலாம். அலோய்க்கு அப்போதே தலை முழுக்க நரை.

நேற்று கூண்டில் ஏறிய செலஸ்தினா, அரசுத் தரப்பு வக்கீல் கேட்ட மூன்று விஷயங்களுக்கும் "ஆமாம்" என்றுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் கூடத்தின் மேடைக்கதவு வழியாகத் தம்பி வெளியே வந்ததைப் பார்த்தாள். அவர் கையில் ஒரு தகர டின் இருந்தது. சந்து முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"உன் தம்பிக்கு எதிரா எப்படி வாய் வந்துச்சு, செலி?" என்று கோவில் வாசலில் ஒருத்தி கேட்டாளாம். "பைபிள் மேல கை வச்சுட்டு வேற என்ன வாய் வரும்?" என்று செலஸ்தினா திருப்பிக் கேட்டாளாம்.

இன்று குறுக்கு விசாரணை. கேட்க வேண்டியவள் ஒலிண்டா. அவள் வக்கீல் அங்கி போட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதுவரை அவள் வாதாடியதெல்லாம் திருட்டு சைக்கிள், காப்பிக் கடை கைகலப்பு, பக்கத்து வீட்டுக் கோழி. செஷன்ஸ் கோர்ட்டில் இதுதான் முதல் பெரிய வழக்கு. வேறு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி இந்தம்மாவுக்குத் தாய் அல்லவா என்று நீதிபதி முதல் நாளே எடுத்துச் சொன்னார். அலோய் மறுத்துவிட்டார். "எனக்கு இவளை விட்டா வேற யார் பேச்சும் காதுல ஏறாது, யுவர் ஹானர்."

செலஸ்தினா அடுப்படியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மகளின் பைக்குள் வைத்தாள். பாங் சூசி. உள்ளே இறைச்சி வைத்த ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"ஒருத்திக்கு இத்தனையா?"

"மிச்சம் இருந்தா யாருக்காவது குடு."

"யாருக்கு?"

"பசிக்கிறவங்களுக்கு. போ, பஸ் போயிடும்."

*

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. ஸ்டார்லைட்டில் அவர் வாசிக்க அவள் பாடிய காலம் ஒன்று உண்டு. சுங்க இலாகாவில் வேலை பார்த்த எர்னெஸ்ட் தெசெய்ராவை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது பாட்டை விட்டாள். அந்தக் கல்யாணத்தில் வாசிக்க மாட்டேன் என்று அலோய் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. எர்னெஸ்ட் காலமான பிறகும் அது திரும்பவில்லை. யார் முதலில் பேசுவது என்பதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒலிண்டாவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வழி இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் அப்பா தூங்கியதும் பின்பக்கமாக ஓடி, ஸ்டார்லைட்டின் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மணலில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே ஆடுகிறவர்களின் செருப்புச் சத்தம் பலகைத் தரையில் ஒன்றாக விழும். கப்பல்காரர்கள், ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள், ஜோங்கர் தெருவிலிருந்து வரும் பட்டுக் கபாயாச் சட்டை போட்ட பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே மாமாவின் சாக்ஸபோன் தனியாக எழும்பி அலைமேல் போகும். அந்தக் கடல் இப்போது அங்கே இல்லை. மண் கொட்டித் தூர்த்து, அதன் மேல் கடைகள் வந்துவிட்டன. அந்த வழியே நடக்கும்போது கால் மட்டும் இன்றும் மணலைத் தேடுகிறது.

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்து லாக்கப்பில் அலோய் பாங் சூசியைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

"யார் செஞ்சதுன்னு சொல்ல வேணாம்," என்றார். "நீ செஞ்சா உள்ள கல்லு மாதிரி இருக்கும்."

"தியு, நேரம் இல்ல. அந்த டின்ல என்ன இருந்துச்சு?"

"பவுடர். ஆடற தரையில தூவுவோமே, அது. ஒத்திகை அறை அலமாரியில கடைசி டின் இருந்துச்சு. அதை மட்டும் எடுத்துட்டு வந்தேன். வேற எதைத் தூக்கிட்டு வர்றது, பியானோவையா?"

"இதைப் போலீஸ்ல சொன்னா என்னவாம்?"

"சொன்னேன். முகத்துக்குப் போடவான்னு கேட்டுச் சிரிச்சானுங்க. அப்புறம் வாயைத் திறக்கல."

"டின்னை எடுத்துட்டு?"

"வந்தேன்."

"நேரா வீட்டுக்கா?"

அலோய் விரலில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"லிண்டா, உன் மாயை ரொம்பக் கேள்வி கேக்காத. மண்ணெண்ணெய் வாடை, டின்னு, அதோட விட்டுடு. அவ சொல்லாததை நீ போய்த் தோண்டாத."

"ஏன்?"

"எனக்கு வயசாச்சு. ஜெயில்ல நல்ல பேண்டு வாத்தியம் இருக்காம். சாக்ஸபோனுக்கு ஆள் இல்லையாம்."

ஒலிண்டா சிரிக்கவில்லை. மாமா எதையோ மறைக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன என்று கேட்பதற்குள் காவலர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

*

செலஸ்தினா தன் நல்ல கபாயாவைப் போட்டுக்கொண்டு கூண்டில் நின்றாள். பின்வரிசைகளில் குடியிருப்பே வந்து உட்கார்ந்திருந்தது. நீதிபதி ரஸ்லான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

"காலை வணக்கம், மிஸஸ் தெசெய்ரா," என்றாள் ஒலிண்டா.

"காலையிலதான் பாத்தோமே, வக்கீலம்மா."

சிரிப்பு எழுந்தது. காவலர் "அமைதி" என்றார்.

"சந்துல மண்ணெண்ணெய் வாடை வந்துச்சுன்னு சொன்னீங்க. அன்னைக்கு என்ன நாள்?"

"சான் ஜுவான்."

"சான் ஜுவான் அன்னைக்குச் சாயங்காலம் நம்ம குடியிருப்புல என்ன செய்வோம்?"

"ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் மெழுகுதிரி ஏத்துவோம். சருகு கூட்டி நெருப்பு மூட்டுவோம்."

"ஈரச் சருகு எப்படிப் பத்தும்?"

"மண்ணெண்ணெய் ஊத்தித்தான்."

"அன்னைக்கு உங்க கையில மண்ணெண்ணெய் வாடை இருந்துச்சா?"

"இருந்துச்சு. சோப்பு போட்டும் போகல."

"என் கையில?"

"உன் கையில எப்பவும் இங்க்குதான்... உங்க கையில, மன்னிச்சுக்குங்க."

"சரி. அன்னைக்கு நம்ம குடியிருப்புல மண்ணெண்ணெய் வாடை அடிக்காத ஆள் ஒருத்தராவது உண்டா?"

செலஸ்தினா நிஜமாகவே யோசித்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"பாதிரியார்."

"அவர் மேல ஒரு வாடையும் இல்லையா?"

"பிராந்தி வாடை."

நீதிபதியே தலை குனிந்துகொண்டார். கடைசி வரிசையில் பாதிரியார் தன் தொப்பியின் உள்பக்கத்தை அக்கறையாக ஆராய்ந்தார்.

அரசுத் தரப்பு வக்கீல் தியோ சிரிக்கவில்லை. அடுத்தது டின்.

"அந்த டின் என்ன டின்னு?"

"பிஸ்கட் டின். மூடியில பூ போட்டது."

"பிஸ்கட் டின்ல மண்ணெண்ணெய் ஊத்திக் கையில எடுத்துட்டு நடந்தா என்ன ஆகும்?"

"மூடி இடுக்கால ஒழுகும். கால்சட்டை நாசமாப் போகும். அலோய் கால்சட்டை விஷயத்துல அப்படி இல்ல. மடிப்பு கலையக்கூடாது அவனுக்கு."

"முன்னே அந்த மாதிரி டின்னை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"ஒத்திகை அறையில. தரைப் பவுடர் அதுலதான் இருக்கும்."

அதோடு ஒலிண்டா உட்கார்ந்திருக்கலாம். எந்த வக்கீலும் உட்கார்ந்திருப்பார். எதிர்க் கூண்டில் இருந்த அலோய் அவளையே பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்: உட்காரு.

ஆனால் அவர் கெஞ்சிய விதம்தான் அவளை உட்காரவிடவில்லை. வாடையும் டின்னும் போனாலும் காப்பிக் கடையில் கத்தியது போகாது. மேடைக்கதவிலிருந்து வெளியே வந்தது போகாது. சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இருபது வருஷம் வரலாம்.

"உங்க தம்பி சந்துல இருந்து போறவரைக்கும் அங்கேயே நின்னீங்களா?"

"மரத்துக்குப் பின்னாடி நின்னேன். அவன் என்னைப் பாக்கக்கூடாதுன்னு."

"அப்புறம் நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க."

இது கேள்விகூட இல்லை. "ஆமாம்" என்ற பதிலுக்காகப் பேச்சோடு பேச்சாகச் சொன்ன வாக்கியம்.

செலஸ்தினா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல."

"எங்கே போனீங்க?"

"உள்ளே."

"லிண்டா, போதும்!" அலோய் எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் வச்சேன். எழுதிக்குங்க. அவளைக் கீழே இறக்குங்க!"

நீதிபதி மேசையைத் தட்டினார். இரண்டு காவலர்கள் அலோயின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். செலஸ்தினா தம்பியை வியப்போடு பார்த்தாள். அவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒலிண்டாவுக்கு விளங்கிவிட்டது. அலோய் போன பிறகு மாய் கூடத்துக்குள் போயிருக்கிறாள். அவள் போனபோது தீ இல்லை. அப்படியானால் மாமா நிரபராதி. அப்படியானால், கடைசியாக உள்ளே இருந்தது மாய். மாமா அதைப் பார்த்திருக்கிறார். இத்தனை மாதமாக அக்காதான் தெரியாமல் தீ பிடிக்க விட்டுவிட்டாள் என்று எண்ணி, வாயை மூடிக்கொண்டு லாக்கப்பில் கிடந்திருக்கிறார்.

அடுத்த கேள்வியைக் கேட்டால் மாமா வெளியே வருவார், மாய் உள்ளே போவாள். கேட்காவிட்டால் மாமா போவார்.

வழக்கைப் பற்றி மாயிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. பேச முடிந்தது நீதிபதியிடம் மட்டும்தான். அவள் அவரிடமே பேசினாள்.

"யுவர் ஹானர், அடுத்த கேள்விக்கு முன்னாடி, சாட்சிக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு நீங்களே விளக்கிச் சொல்லணும்னு கேட்டுக்கறேன். அவங்க பதில் அவங்களுக்கே பாதகமா முடியலாம்."

தியோ எழுந்தார். "சாட்சி எங்க சாட்சி. அவங்க மேல யாரும் குற்றம் சொல்லல."

"இன்னும் சொல்லல," என்றாள் ஒலிண்டா. "அவர் எவ்வளவு வேகமா மனசு மாத்துவார்னு எனக்குத் தெரியும். என் கோழி வழக்குலயே பாத்தேன்."

நீதிபதி ரஸ்லான் தியோவைக் கையமர்த்தினார். செலஸ்தினாவின் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, கவனமாக் கேளுங்க. இந்தக் கோர்ட்டுல கேக்கற கேள்விக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். பதில் உங்களையே மாட்டிவிடும்னு தோணினா, தயக்கத்தைச் சொல்லலாம். அதுக்கப்புறம் நான் கட்டாயப்படுத்தி, அதனால நீங்க சொன்னீங்கன்னா, அந்தப் பதிலை வச்சு உங்க மேல வழக்குப் போட முடியாது. பொய் சொன்னாத்தான் தண்டனை."

செலஸ்தினா இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள்.

"நானா சொன்னா என் மேல திரும்பும்."

"திரும்பலாம்."

"நீங்க கட்டாயப்படுத்திச் சொன்னாத் திரும்பாது."

"ஆமாம்."

"அப்படின்னா நான் சொல்ல மாட்டேன்." அவள் கபாயாவின் முனையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். "கட்டாயப்படுத்துங்க, யுவர் ஹானர்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. காவலர் "அமைதி" என்று சொல்ல மறந்துவிட்டார். மகளுக்கு நாக்கு எங்கிருந்து வந்தது என்று குடியிருப்பில் பலர் ஆராய்ந்ததுண்டு. அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

"கட்டாயப்படுத்துகிறேன்," என்றார் நீதிபதி. "பதில் சொல்லுங்க."

செலஸ்தினா சொன்னாள். யாரையும் பார்க்காமல், கூண்டின் கம்பியைப் பார்த்தே சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முந்தி எர்னெஸ்டுக்கு வாக்குக் குடுத்தேன். இனிமே அந்தக் கூடத்துல கால் வைக்க மாட்டேன்னு. அவர் இருந்தவரைக்கும் வைக்கல, போனதுக்கப்புறமும் வைக்கல. இடிக்கப் போறாங்கன்னதும் மனசு கேக்கல. மேடைக்கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினாத் திறந்துக்கும், அது எனக்குப் பழக்கம். உள்ளே ஒரே இருட்டு. அந்த வாசனை அப்படியே இருந்துச்சு, பவுடரும் பீரும் கடல் காத்தும். சான் ஜுவானுக்கு வாங்கின மெழுகுதிரி கையில இருந்துச்சு. மேடையில ஏத்தி வச்சேன்."

"அப்புறம்?" ஒலிண்டாவின் குரல் வக்கீல் குரலாக இல்லை.

"பாடினேன். அலோய் எனக்காக எழுதின வால்ட்ஸ் பாட்டு. ரெண்டாவது அடி மறந்துபோச்சு. முதல் அடியையே ரெண்டு தடவை பாடினேன். வெறும் நாற்காலிங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"மெழுகுதிரியை என்ன செஞ்சீங்க?"

"அணைச்சேன். ரெண்டு விரலால கிள்ளி." விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "மிச்சத்தை விட்டுட்டு வரல. அதைத்தான் நம்ம வீட்டு வாசல்ல ஏத்தினேன்."

ஒலிண்டாவுக்கு ஞாபகம் வந்தது. அன்று வாசலில் எல்லா வீட்டிலும் புது மெழுகுதிரி எரிந்தது, இவர்கள் வீட்டில் மட்டும் பாதித் திரி. மாய், கஞ்சத்தனம் பண்றியா என்று கேலி செய்தது அவளேதான். மேசையைப் பிடித்துக்கொண்டாள். மாய் தீ வைக்கவில்லை. மாமாவும் வைக்கவில்லை.

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"யாரைப் பாத்தேன்னுதான் கேட்டாங்க. நான் என்ன செஞ்சேன்னு கேக்கல." செலஸ்தினாவின் குரல் தாழ்ந்தது. "வெக்கமாவும் இருந்துச்சு. கோவில்ல பாட்டு சொல்லிக் குடுக்கறவ, இந்த வயசுல, திருட்டுத்தனமா நடனக் கூடத்துக்குள்ள. அப்புறம், அலோய் மாட்டுவான்னு பயந்தேன். அவன்தான் எனக்கப்புறமும் உள்ளே இருந்தான்."

தியோ பாதி எழுந்தார். அலோய் தலையைத் தூக்கினார்.

"உங்களுக்கு அப்புறமா?" என்றாள் ஒலிண்டா. "அவர் சந்துல இருந்து போனதை நீங்க பாத்தீங்கன்னு சொன்னீங்களே?"

"போனான். திரும்பி வந்திருக்கான். நான் பாடி முடிச்சதும் மேல் மாடத்துல இருந்து கைதட்டினான். மெதுவா, தனித்தனியா. ஒத்திகை நல்லா வந்தா முன்னே அப்படித்தான் தட்டுவான். இருட்டுல முகம் தெரியல. பேச்சு வார்த்தை இல்லாதவங்க என்ன பேசறது? திரும்பிப் பாக்காம வந்துட்டேன். அழுதுட்டே வந்தேன், சந்தோஷமாத்தான்."

காவலர்களின் கை தோளில் இருந்தும் அலோய் எழுந்தார். இந்த முறை அவர் கத்தவில்லை. நீதிபதியும் தடுக்கவில்லை.

"செலி," என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு ஒலிண்டாவுக்கு நினைவே இல்லை. "நான் திரும்பி வந்தது நிஜம். மேடைக்கதவுகிட்ட நின்னேன். மெழுகுதிரியைப் பாத்தேன், நீ பாடறதைக் கேட்டேன். முதல் அடி முடியறதுக்குள்ள எனக்குத் தாங்கல, போயிட்டேன். மாடத்துக்கு நான் ஏறவே இல்ல. கைதட்டினது நான் இல்ல."

செலஸ்தினா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியைப் பிடித்திருந்த கை மெல்ல வாய்க்குப் போனது.

"அப்போ," என்றாள், "நான் யாருக்குடா பாடினேன்?"